வரவுக்குள் வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 31 வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். ஊர் பேராவூரணிப் பக்கம். கணக்கெழுதுகிறவனுக்குப் பணத்தைப் பற்றி எல்லாமே தெரியும் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. கல்யாணப் பந்தியில், பேருந்தில், சிலசமயம் சாவு வீட்டுத் திண்ணையில்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக ஆரம்பிப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை கீழே. பதில்களில் பாதி நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

அந்தக் காலத்துச் சிக்கனப் பேச்சு இன்றைய விலைவாசிக்கு எடுபடுமா?

எந்தப் பேச்சு என்பதைப் பொறுத்தது. "நாங்களெல்லாம் நாலணாவில் குடும்பம் நடத்தினோம்" என்று யாராவது ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் குறளில் ஒரு கணக்கு இருக்கிறது:

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை. (478)

ஆகாறு, பணம் வருகிற வழி. போகாறு, அது போகிற வழி. வருகிற வழி சிறியதாக இருந்தாலும், போகிற வழி அதைவிட அகலமாகாத வரைக்கும் கெடுதல் இல்லை. எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? இரண்டு வழியின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார், அவ்வளவுதான். அதனால் நாலணாவுக்கும் பொருந்துகிறது, நாற்பதாயிரத்துக்கும் பொருந்துகிறது. "ஆறு" என்றால் இங்கே வழி என்றுதான் அர்த்தம். இருந்தாலும் எங்கள் பக்கத்து ஆளுக்கு இதைப் படித்ததும் ஏரி மதகுதான் கண்ணில் வரும். வரத்து வாய்க்கால் ஒல்லியாக இருந்தாலும், மதகுப் பலகை ஒழுங்காக இறங்கியிருந்தால் பங்குனி வரை தண்ணீர் கிடக்கும்.

இந்தக் குறள் குடும்பம் நடத்துவது பற்றிய அதிகாரத்தில் இல்லை என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். 48-ஆம் அதிகாரமான வலியறிதலில் இருக்கிறது. போருக்குக் கிளம்புகிற அரசனிடம், உன் பலம், எதிரி பலம், துணைக்கு வருகிறவன் பலம் எல்லாவற்றையும் தூக்கிப் பார் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசி நாலு குறளில் சட்டென்று கஜானாவுக்குத் திரும்புகிறார்.

ஒன்றாம் தேதி சம்பளம், பத்தாம் தேதி பை காலி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எழுதுவதிலிருந்து. முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். குறைக்கத் தொடங்கினால் கணக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். உடம்பு எடை பார்க்கப் போகிற அன்று காலையில் சாப்பிடாமல் போவது மாதிரி.

சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் இப்படித்தான் வந்தான். கைக்கு வருவது 42,000 ரூபாய். "மாமா, கடையில் சாப்பிட்டே காசு போகுது" என்றான். எழுதச் சொன்னேன். ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குள் அவன் நோட்டில் விழுந்த வரிகள் இவை: வீட்டு வாடகை 14,000. தனிநபர் கடன் தவணை 6,800. ஊருக்கு அனுப்பியது 5,000. பைக் தவணை 4,300. போன் தவணை 2,450. கூட்டினால் 32,550. மிச்சம் 9,450. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 315 ரூபாய். அதில்தான் மூன்று வேளைச் சாப்பாடு, பெட்ரோல், கரண்ட் பில், மருந்து, சட்டைத் தையல் எல்லாம். அவன் சாப்பாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான். பையன் நன்றாகவே சாப்பிடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதே அதிகாரத்தில் இன்னொரு குறள்: "பீலிபெய் சாகாடும் அச்சிறும்." மயிலிறகுதானே என்று வண்டியில் ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் அச்சு முறிந்துவிடும். 2,450 ஒரு மயிலிறகு. 4,300 இன்னொன்று. ஒவ்வொன்றையும் வாங்கும்போது "மாசம் இவ்வளவுதானே" என்றுதான் கடைக்காரரும் சொல்கிறார், நாமும் சொல்லிக்கொள்கிறோம். அச்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என்ன செய்தோம் என்றால், தனிநபர் கடனை முதலில் முடித்தோம். என் மகன் உள்ளே வந்து வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டான், அந்த 7,000 நேராகக் கடனுக்குப் போனது. ஊருக்கு அனுப்பும் 5,000-ல் கை வைக்கவில்லை. அதைக் குறைக்கலாமா என்று அவன் கேட்டபோது நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

தினமும் டீ, காபியை விட்டால் மிச்சமாகுமா?

15 ரூபாய் டீ இரண்டு வேளை என்றால் மாதம் 900. ஆகும்தான். ஆனால் டீக்கடையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது, சம்பந்தம் பேசி முடிந்தது, நிலத் தகராறு தீர்ந்தது. நான் விடச் சொல்ல மாட்டேன்.

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் கோடு எங்கே?

வள்ளுவர் கஞ்சத்தனத்துக்கு வைத்திருக்கும் பெயர் இவறன்மை. அரசனிடம் இருக்கக்கூடாத குற்றங்களில் முதல் ஆளாக அதை வைக்கிறார். 437-ஆவது குறள் கோட்டைத் தெளிவாகவே போட்டுவிடுகிறது: "செயற்பால செய்யாது இவறியான் செல்வம்." செய்ய வேண்டியதைச் செய்யாமல் பிடித்து வைத்த பணம் தேறாது, அழியும் என்கிறார். குறைவாகச் செலவழிப்பதில் தப்பில்லை. செய்தே ஆகவேண்டிய செலவைத் தள்ளிப்போடும்போது கோட்டைத் தாண்டிவிடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ஓய்வூதியம் வருகிறது, இரண்டு ஏக்கர் தென்னை இருக்கிறது. இரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். அட்டை இருபது நாள் கூடுதலாக வருகிறது என்று என்னிடம் பெருமையாகக்கூடச் சொன்னார். அப்போதே நான் அதட்டியிருக்க வேண்டும், சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தையில் வலது கை, வலது கால் இழுத்துக்கொண்டது. தஞ்சாவூருக்கும் ஊருக்கும் கார் வாடகை மட்டும் எத்தனை வருட மாத்திரைக்குச் சமம் என்று அவர் மகன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

கூரை ஒழுகல், பல்வலி, வண்டியின் பிரேக், மின்சார ஒயர். இந்த நாலிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

"போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்பது ஏழையை அடக்கி வைக்கும் பேச்சுதானே?

இதைக் கேட்டது ஒரு கல்லூரிப் பெண். நல்ல கேள்வி. பல நேரம் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். கூலி உயர்வு கேட்கிறவனிடம் போதும் என்ற மனம் வேண்டும் என்று முதலாளி சொன்னால் அது வெறும் ஏமாற்று. வயிறு நிறையாதவனுக்குப் போதும் என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை.

ஆனால் பழைய பாட்டுகளைத் திறந்து பார்த்தால், இந்தப் பேச்சு யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பது வேறு மாதிரி இருக்கிறது. புறநானூறு 189-ஆம் பாட்டு, நக்கீரனார் பாடியது. கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் யாருக்கும் பங்கில்லாமல் ஆளும் அரசன் ஒருவன். நடு இரவிலும் பகலிலும் தூங்காமல் விலங்கை விரட்டித் திரியும் படிப்பில்லாத வேடன் ஒருவன். இரண்டு பேருக்கும் "உண்பது நாழி உடுப்பவை இரண்டே" என்கிறார். சாப்பிடுவது ஒரு நாழி தானியம், உடுத்துவது இரண்டு துணி. மற்றதெல்லாமும் ஒன்றுதான். அதனால், என்று அடுத்து அவர் வருகிற இடம் முக்கியம்: "செல்வத்துப் பயனே ஈதல்." செல்வத்தால் ஆகும் பயன் கொடுப்பது. நானே அனுபவிப்பேன் என்று கிளம்பினால் தவறிப்போவது நிறைய. இதில் வேடனுக்கு ஒரு புத்திமதியும் இல்லை. முழுக்க இருக்கிறவனைப் பார்த்துப் பேசுகிற பாட்டு.

பல நூற்றாண்டு கழித்து நல்வழியில் ஔவையார் இதையே எடுக்கிறார். உண்பது அதே நாழி. உடுப்பது "நான்கு முழம்" ஆகிவிட்டது. கூடவே மனிதன் நினைப்பதோ "எண்பது கோடி" என்று சேர்க்கிறார். நாழி மட்டும் மாறவே இல்லை, பாருங்கள். எட்டு ஆழாக்கு ஒரு நாழி. அந்த அளவு அரிசியை ஒரே நாளில் சாப்பிட்டு முடிக்கிற ஆள் இப்போது எங்கள் ஊரில் யாரும் இல்லை.

சிறுவாடு என்கிறார்களே, அது என்ன?

வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, யாருக்கும் தெரியாமல் சேர்க்கும் பணம். பால் கணக்கில் பத்து, காய் கணக்கில் இருபது, முட்டை விற்றதில் கொஞ்சம், தம்பி வந்தபோது கையில் வைத்துவிட்டுப் போனது கொஞ்சம். இடம்: அரிசிப் பானை, உளுந்து டப்பா, அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டு, கட்டாத பட்டுப்புடவையின் மடிப்பு.

சமையலில் இதற்கு ஒரு தங்கச்சி உண்டு: பிடி அரிசி. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டுவிட்டு மீதியைக் களைவது. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 18 கிலோ. அந்த ஒரு பிடி குறைந்ததால் யாரும் பசியோடு எழுந்ததில்லை. மாசக் கடைசியில் அந்தப் பானைதான் வீட்டைக் காப்பாற்றும்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் சிறுவாடு வெளியே வந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது. எங்கள் வீட்டிலும் வந்தது. மறுநாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எதிரே வந்து நின்று, "என்னங்க, கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றாள். கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே சுருட்டி ரப்பர் போட்ட நோட்டுகள், பெருங்காய வாசனையோடு. 41,500 ரூபாய். பேத்தி காதுகுத்துக்குத் தோடு வாங்க.

கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் கணக்கெழுதுகிறவன், என் வீட்டு நோட்டில் வருடக்கணக்காக ஒரு பைசா துண்டு விழாமல் எழுதியவன், எனக்குத் தெரியாமல் 41,500. எந்த வரியில் போயிருக்கும் என்று பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். மளிகை வரியில்தான். மாதம் 300, 400 என்று அழகாகப் பரவிக் கிடந்தது. கண்டுபிடிக்கவே முடியாது.

2.5 லட்சம் வரை போட்டால் இல்லத்தரசிகளைக் கேள்வி கேட்கமாட்டோம் என்று அரசு சொல்லியும் பலருக்குப் பயம் போகவில்லை. வரிசையில் நின்ற பெண்களின் முகத்தில் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு பார்வை இருந்தது. திருடவில்லை. அவர்களுடைய உழைப்பிலிருந்து அவர்களே ஒதுக்கியது. குடிக்கிற புருஷன் இருக்கும் வீட்டில் ஒளித்து வைப்பதுதான் ஒரே வழி என்பதும் எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் இப்போது அவரவர் பெயரிலேயே அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கிவிடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், 5 வருடத்தில் முதிர்ச்சி. பெருங்காய வாசனை இருக்காது, அவ்வளவுதான் குறை.

சீட்டு போடலாமா?

போடலாம், பதிவு செய்ததாக இருந்தால். எப்படி ஓடுகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, 20 மாதம். மாதா மாதம் ஒரு லட்சம் சேரும். இரண்டாம் மாதம் ஒருவருக்கு அவசரம். 25,000 தள்ளி எடுக்கிறேன் என்கிறார். அவர் கைக்கு 75,000. தள்ளிய 25,000-ல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 4,000. கடைசி வரை பொறுத்திருப்பவருக்கு லாபம், முதலில் எடுத்தவருக்கு அது கடன். ஒரே சீட்டில் ஒருவர் சேமிக்கிறார், இன்னொருவர் கடன் வாங்குகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் வங்கி இல்லை, நம்பிக்கைதான் இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்குத்தான் 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டம். நடத்துபவர் பதிவு செய்ய வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும். கமிஷன் 5 சதவீதம் வரை இருந்ததை 2019 திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். தெருவில் "நம்ம அக்காதானே" என்று போடும் சீட்டுக்கு இது எதுவும் கிடையாது. எனக்கு 60,000 போயிற்று. எடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனவரை இரண்டு வருடம் கழித்துத் திருப்பூரில் ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். நானும்.

"ரெண்டு வட்டி" என்றால் அவ்வளவு மோசமா? கேட்கக் குறைவாகத்தானே இருக்கிறது?

கேட்கத்தான். நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி 36. அஞ்சு வட்டி 60. கடன் அட்டையில் பாக்கி வைத்தால் பெரும்பாலும் மாதம் 3-லிருந்து 3.75 சதவீதம் வரை ஓடும், அதாவது ஏசி அறையில் உட்கார்ந்து கொடுக்கும் மூணு வட்டி. தண்டல் இன்னும் நுணுக்கம். கையில் 9,000 கொடுத்து, தினம் 100 ரூபாயாக நூறு நாள் வாங்குவார்கள். ஆயிரம்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது. உண்மையில் உங்கள் கையில் சராசரியாக நின்றது அதில் பாதிதான். வருடக் கணக்கில் பார்த்தால் 75 சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் காய்கறி விற்கும் அம்மாவுக்கு விடியற்காலை நாலு மணிக்கு வேறு யார் கொடுப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு தண்டல் எடுக்கிறவர்களிடம்தான் சண்டை போடுவேன்.

மொய் செலவா, சேமிப்பா?

எங்கள் ஊர்க்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி. பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய்க்காகவே வைக்கும் விருந்து. பந்தல், ஆட்டுக்கறிக் குழம்பு, வரிசையாக மேசை போட்டு மொய் எழுதுகிறவர்கள். பெரிய விருந்தில் பணம் எண்ணும் இயந்திரம்கூடக் கொண்டுவந்து வைப்பார்கள். வந்தவர் ஊர், பேர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். பிறகு அவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் இனி அவர் உங்களுக்குத் தர வேண்டியது. வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. ஒரு ஆழ்குழாய்க் கிணறு, ஒரு பெண் கல்யாணம், ஒரு வெளிநாட்டுப் பயணம் இதில் நடந்துவிடும். யாருடைய மூளையில் உதித்ததோ, அவரைக் கும்பிடலாம்.

2004-ல் நான் வைத்தேன். விருந்துச் செலவு போக 2,15,000 நின்றது. கிணறு போட்டேன், தண்ணீர் வந்தது. அப்புறம்தான் பாடம். அந்தப் பணத்தை வருமானம் என்று மனது எழுதிக்கொண்டது. எனக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விருந்து வைக்க ஆரம்பித்தபோது, ஒரு ஆடியில் 17 பத்திரிகை வந்தது. சில நாள் மதியம் மூன்று பந்தி. மூன்றாவது பந்தியில் கறியைப் பார்த்தாலே குமட்டும், ஆனால் இலையில் உட்காராமல் வந்தால் மரியாதை இல்லை. அந்த வருடம் மொய் செய்ய நகையை அடகு வைத்தேன். மொய்ப்பணத்தை வாங்கிய அன்றே, நோட்டில் கடன் பக்கத்தில் எழுதிவைத்தால் இந்தக் கதி வராது. நான் கணக்கெழுதுகிறவன். எனக்கே தோன்றவில்லை.

ஆக, பதில்: கடன். விருந்தோடு வருகிற கடன்.

கையில் இருப்பதே குறைவு. யாராவது உதவி கேட்டால்?

"ஆற்றின் அளவறிந்து ஈக" என்கிறது குறள் (477). கொடு, ஆனால் உன் அளவு தெரிந்து கொடு. அளவு பார்க்காமல் பிறருக்குச் செய்துகொண்டே போனால் வளம் சீக்கிரம் கெடும் என்று 480-ல் எச்சரிக்கையும் இருக்கிறது. நடைமுறையில் நான் வைத்திருக்கும் முறை, கைமாற்றாகக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகையைக் கொடுப்பது. 10,000 கேட்பவருக்கு 2,000 கொடுத்து, "இது திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் திருப்பித் தந்துவிடுகிறார்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் யார் கேட்டாலும் கிடையாது.

கல்யாணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கூடாது. விரலுக்குத் தகுந்த வீக்கம். மண்டபத்தைச் சின்னதாக்குங்கள். முடியாதென்றால், பெண்ணையும் பையனையும் உட்காரவைத்து எவ்வளவு கடன், எத்தனை வருடத் தவணை என்று சொல்லிப் பாருங்கள். அவர்களே மண்டபத்தை மாற்றிவிடுவார்கள்.

பழைய வீட்டு வழக்கங்களில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

என் அப்பாவின் வேட்டி ஒன்று எப்படி வாழ்ந்தது என்று சொல்கிறேன். முதல் ஒரு வருடம் வெளியே போக. மஞ்சள் ஏறியதும் வீட்டில் கட்ட. ஓரம் கிழிந்ததும் நடுவில் வெட்டித் துண்டு. பிறகு குழந்தைக்குத் தூளித் துணி, பழசாக ஆகத்தானே அது மெத்தென்று ஆகும். அதற்குப் பிறகு அடுப்பில் சட்டி இறக்கும் கைப்பிடித் துணி. கடைசியில் விளக்குத் திரி. தீபாவளிக்கு வந்த வேட்டி கார்த்திகைத் தீபத்தில் முடியும், நடுவில் ஐந்தாறு வருடம். இதை வைத்துக்கொள்ளலாம்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை விட்டுவிடுங்கள், உடம்புக்கு ஆகாது. ஆடித் தள்ளுபடியில் தேவையில்லாததைப் பாதி விலைக்கு வாங்கி "பாதி மிச்சம்" என்று சொல்வதையும் விடலாம். இது பழைய வழக்கம் இல்லைதான். ஆனால் வேரூன்றிவிட்டது.

பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது?

அக்டோபர் 30 உலகச் சிக்கன நாள். 1924-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகள் மாநாட்டில் அக்டோபர் 31 என்றுதான் முடிவு செய்தார்கள், இந்தியாவில் ஒருநாள் முன்னதாக வைத்துக்கொள்கிறோம். அன்றைக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி இருக்கும். பேச்சுப்போட்டியால் எந்தப் பிள்ளையும் சேமித்ததாக எனக்குத் தெரியாது. நாங்கள் படித்தபோது சஞ்சாயிகா இருந்தது. பள்ளிக்கூடத்திலேயே ஒரு குட்டி வங்கி, பாஸ்புக்கோடு. பத்து பைசா போட்டுவிட்டு வாத்தியார் கையெழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்போம்.

என் பேத்திக்கு மண் உண்டியல் வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில், ஈர்க்குச்சியை விட்டு ஆட்டினால் காசு வெளியே வரும் என்று கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. எவ்வளவு எடுத்தாள் என்று மட்டும் நோட்டில் எழுதச் சொன்னேன். அவள் கையெழுத்தில் முதல் செலவுக் கணக்கு: "தேன் மிட்டாய் 5."

கணக்கு எழுத எந்த நோட்டு வாங்க வேண்டும்? செயலி நல்லதா?

செயலி வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், எழுதினால் சரி. எனக்கு நோட்டுதான். வாங்க வேண்டாம். பள்ளி ஆண்டு முடிந்ததும் பிள்ளைகளின் நோட்டில் பின்பக்கம் எழுதாத தாள் கிடக்கும். அதையெல்லாம் உருவி, ஓரத்தைத் தட்டிச் சமமாக்கி, கோணி ஊசியால் மூன்று இடத்தில் ஓட்டை போட்டு, சணல் நூலால் கட்டி, போன வருடக் காலண்டர் அட்டையை மேலே வைத்துவிடுங்கள். ஒரு பிள்ளையின் நோட்டில் ஒரு வருடக் கணக்குக்குத் தாள் தேறும். நாலு கோடு, இரண்டு கோடு, கட்டம் போட்டது எல்லாம் கலந்துதான் வரும். கட்டம் போட்ட தாளில் கூட்டல் நேராக வரும் என்பதால் மாசக் கடைசிக்கு அதை ஒதுக்கி வைத்துக்கொள்வேன்.